பாக்கியிருந்த ஒரே கோட்டை

இதலினா துடுப்பைப் பிடித்தால் படகு நேராகப் போகும், வாயைத் திறந்தால் கதை கோணல்மாணலாகப் போகும் என்று தான்குஷ் ஊரில் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான்.

தேஜு ஆற்றின் நடுவில் ஒரு பாறைத் தீவு. அதன் உச்சியில் அல்மொரோல் கோட்டை. சிலுவைப் போருக்கென்று வாளெடுத்த துறவிகள் கட்டியது. வெள்ளை அங்கியும் நெஞ்சில் சிவப்புச் சிலுவையுமாகத் திரிந்த அந்த வீரர்கள் போய்ப் பல நூறு வருஷம் ஆகிவிட்டது. அவர்களைத் தேடி வருகிறவர்கள் மட்டும் குறையவே இல்லை. காலையில் தொமார் ஊரில் அவர்களுடைய பெரிய மடத்தைப் பார்ப்பார்கள், மத்தியானம் இங்கே வந்து இறங்குவார்கள். கரையில் நின்று கோட்டையை வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, "அங்கே எப்படிப் போறது?" என்று கேட்பார்கள். இதலினா படகிலிருந்தபடியே கையை நீட்டி, "இப்படித்தான், ஏறுங்க" என்பாள்.

அவளுடைய அப்பா ஆற்றில் மீன் பிடித்தவர். ஆண்பிள்ளைக்கு ஆசைப்பட்டார், பிறந்தது இரண்டும் பெண். மூத்தவள் இதலினா, இளையவள் செலெஸ்தெ. முதுகு வலி வந்து அவர் படுத்தபோது யாரும் சொல்லாமலே இதலினா போய்ப் படகை அவிழ்த்துக்கொண்டாள். அப்போது அவளுக்குத் தாவணி கட்டுகிற வயசு என்று நம் பக்கம் சொல்வோமே, அந்த வயசு. பக்கத்து ராணுவ முகாமிலிருந்து கோட்டை பார்க்க வந்த ஒரு சார்ஜெண்ட், "பொம்பளை ஓட்டுற படகுல நான் ஏறமாட்டேன்" என்றார். "அதனாலென்ன, தாராளமா நீந்தி வாங்க" என்றாள் இதலினா. மற்ற சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு போனாள். சார்ஜெண்ட் வெயிலில் கரையிலேயே நின்றார். அவள் திரும்பி வந்தபோது மீசையைத் தடவிக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். அன்றிலிருந்து அந்தப் படகுக்கு அவள்தான் எஜமானி.

கல்யாணமும் ஆகியிருக்க வேண்டியதுதான். எவரிஸ்தோ என்று ஒருவன். நல்ல உயரம், நல்ல குரல். பிரான்ஸ் தேசத்தில் கட்டட வேலைக்குப் போனான், ரெண்டு வருஷத்தில் வந்து கூட்டிப்போகிறேன் என்றான். மூன்றாவது வருஷம் ஆகஸ்டில் வந்தான். பளபளவென்று ஒரு காரும், பக்கத்தில் ஒரு பிரெஞ்சு மனைவியும். இதில் வேடிக்கை, அந்த மனைவிக்குக் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. படகுக்கு வேறு யாரிடம் போவது? ஊரே கரையில் கூடி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. இதலினா இருவரையும் ஏற்றினாள், சிரித்த முகமாகக் கோட்டையைச் சுற்றிக் காட்டினாள், திரும்ப வரும்போது ஆற்றின் நடுவில் துடுப்பு எப்படியோ வழுக்கி எவரிஸ்தோவின் மேல் ஒரு குடம் தண்ணீர் விழுந்தது. தலையிலிருந்து கால்வரை. மனைவி மேல் ஒரு சொட்டுகூடப் படவில்லை.

"குறி தப்பாத கைடி அக்கா உனக்கு" என்றாள் செலெஸ்தெ.

"காத்து அடிச்சிது" என்றாள் இதலினா. அன்று ராத்திரி அழுதாளோ என்னவோ, மறுநாள் படகு எடுக்கும்போது பாடிக்கொண்டுதான் எடுத்தாள்.

அப்புறம் வருஷங்கள் ஓடின. செலெஸ்தெ கல்யாணம் பண்ணி, பிள்ளைகளைப் பெற்று, கோட்டைக்கு எதிர்க்கரையில் மரத்தடியில் ஒரு சாப்பாட்டுக் கடை போட்டாள். பூண்டும் வினிகரும் போட்டு வறுத்த ஆற்றுமீன், சோளரொட்டி, குளிர்ந்த ஒயின். அக்கா தீவில், தங்கை கரையில். நடுவில் இருக்கும் தண்ணீரின் மேலாக இருவரும் கத்திப் பேசிக்கொள்வார்கள். அதனால் அந்தக் குடும்பத்தில் ரகசியம் என்று ஒன்று தங்கியதே கிடையாது.

இதலினாவின் கதைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோட்டையில் ஒரு மூர் இளவரசி, அதாவது முன்பு இந்தப் பக்கத்தை ஆண்ட முஸ்லிம் குலத்துப் பெண், இருந்தாள், அவளுக்கு ஒரு காதலன் என்று ஊரில் ஒரு பழங்கதை உண்டு. அதை இதலினா ஒரு தடவை சொன்னதுபோல் மறுதடவை சொன்னதில்லை. திங்கட்கிழமை இளவரசி கோபுரத்திலிருந்து குதித்துச் சாவாள். புதன்கிழமை காதலனோடு படகேறி ஓடிப்போவாள். வந்திருப்பவர்கள் புதுசாய்க் கல்யாணமானவர்கள் என்றால் இளவரசிக்கு ஏழு பிள்ளைகள் பிறக்கும்.

பொம்பால் ஊரிலிருந்து வருஷா வருஷம் வசந்தத்தில் ஒரு கூட்டம் வரும். சிலுவை வீரர்களின் பெயரில் சங்கம் வைத்திருந்தவர்கள். அவர்கள் ஊரிலும் அதே வீரர்கள் கட்டிய கோட்டை உண்டு. ஒவ்வொரு வருஷமும் நாலைந்து கோட்டைகளையும் கோயில்களையும் பஸ்ஸில் சுற்றிவிட்டு, கடைசியாக அல்மொரோலுக்கு வந்து, வெள்ளை அங்கி மாட்டி, கோட்டை முற்றத்தில் ஜெபம் சொல்லி, பிறகு செலெஸ்தெ கடையில் மீனை ஒரு கை பார்ப்பார்கள். தலைவர் வால்டெமார் என்கிற மருந்துக்கடைக்காரர். தொப்பையும் கண்ணாடியுமாக, எதையும் சரியாகச் செய்ய வேண்டும் என்கிற மனிதர்.

ஒரு தரம் அவர் படகில் விரலை உயர்த்தினார். "தோனா இதலினா, போன வருஷம் அந்த இளவரசி குதிச்சுச் செத்துட்டான்னு சொன்னீங்க. இந்த வருஷம் கல்யாணம் ஆயிடுச்சுங்கிறீங்களே?"

"ஒரு வருஷத்துல ஒரு பொண்ணுக்கு எவ்வளவோ நடக்கும், சென்யோர் வால்டெமார்" என்றாள் இதலினா.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் படகில் ஏறமாட்டார். அபீலியோ என்று பெயர். பொம்பாலில் ரொட்டிக் கடை வைத்திருந்தவர். மனைவி காலமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. மாவு பிசைந்து பிசைந்து உரமேறிய பெரிய கைகள், அதற்குப் பொருந்தாத கூச்சமான முகம். எல்லோரும் தீவுக்குப் போவார்கள். இவர் அங்கியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு செலெஸ்தெ கடைக்கு முன்னால் உட்கார்ந்து, கோட்டையைப் பார்த்தபடியே இருப்பார். தண்ணீர் என்றால் பயம்.

"எந்தெந்தக் கோட்டை பாத்திருக்கீங்க?" என்று ஒருமுறை செலெஸ்தெ கேட்டாள்.

அவர் முகம் மலர்ந்தது. சொந்த ஊர்க் கோட்டை, தொமார், எல்லைப் பக்கத்து மலைக்கோட்டைகள், பாறைகளுக்கு நடுவில் வீடு கட்டிய மொன்சாந்து என்று அடுக்கினார். வீரர்கள் ஒரு கல் வைத்த இடம்கூட விடவில்லை. "எல்லாம் பாத்தாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி."

செலெஸ்தெ கையை வாய்க்கு முன்னால் குவித்தாள். "அக்கா! இந்த மாவு மனுஷன் உலகத்துக் கோட்டையெல்லாம் பாத்துட்டாராம்! உன் கோட்டை மட்டும் பாக்கியாம்!"

தீவிலிருந்து பதில் வந்தது. "நானும் அப்படித்தான்னு சொல்லு! எனக்கு இது ஒண்ணுதான் தெரியும், மத்ததெல்லாம் பாக்கி!"

உண்மைதான். கோட்டை பார்க்க வந்தவர்களை ஏற்றி ஏற்றியே காலம் போயிற்று. தொமாரில் சந்தைக்குப் போயிருக்கிறாள், மடத்துப் படி ஏறியதில்லை. அவள் வேலை செய்கிற நாளில்தானே மற்றவர்கள் சுற்றுலா போகிறார்கள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வசந்தத்திலும் அபீலியோவை வம்புக்கிழுப்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. "வாங்க, உங்களை மடியில வச்சுக் கூட்டிப்போறேன்" என்பாள். "அந்தக் காலத்து வீரனுங்க உங்களை மாதிரி இருந்திருந்தா எருசலேமுக்குப் போறதுக்குப் பதிலா வீட்லயே ரொட்டி சுட்டிருப்பானுங்க" என்பாள். அவர் காது சிவக்கச் சிரிப்பார். ஆனால் அடுத்த வருஷம் வரும்போது அவளுக்கென்று ஒரு ரொட்டி தனியாகக் கட்டிக் கொண்டுவருவார். அது பொம்பாலிலிருந்து வந்தும் மெத்தென்று இருக்கும்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. அந்த வசந்தத்தில் கூட்டம் கிளம்பும்போது இதலினா பஸ் ஜன்னலுக்கு அருகில் வந்து சொன்னாள்: "ஆகஸ்ட்ல வாங்க, சென்யோர் அபீலியோ. இந்தப் பக்கத்துக் கால்வாய் வத்திப்போகும். கல்லு கல்லாத் தெரியும். செருப்பைக் கையில புடிச்சுக்கிட்டு நடந்தே போயிடலாம். முழங்காலுக்கு மேல நனைஞ்சா என்னைக் கேளுங்க."

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். சொன்னதை அப்போதே மறந்துவிட்டாள்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் நெருப்பாய்க் காய்ந்துகொண்டிருந்தது. இதலினா ஆழமான பக்கமாகச் சுற்றி வந்து ஒரு குடும்பத்தைக் கோட்டையில் இறக்கிவிட்டுப் படகு நிழலில் உட்கார்ந்திருந்தாள். கரையிலிருந்து செலெஸ்தெயின் குரல்: "அக்கா! யார் வந்திருக்கான்னு பாரு!"

அபீலியோ. தனியாக, ரெண்டு ரயில் மாறி வந்திருந்தார். தோளில் ஒரு பை. கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டி, காலணியைக் கழுத்தில் கயிற்றில் மாட்டிக்கொண்டு, தண்ணீர் ஓரத்தில் நின்றார். வெள்ளைவெளேரென்ற கால்கள், சூரியனே பார்த்திராத கால்கள்.

இதலினா துள்ளி எழுந்தாள். "நிஜமாவே வந்துட்டீங்களா!"

"நீங்கதானே வரச் சொன்னீங்க!"

"சரி, அப்படியே வாங்க. அந்தத் தட்டைக் கல்லுமேல காலை வைங்க. அது இல்ல, அது பாசி! இடது பக்கம்! உங்க இடது, என் இடது இல்ல!"

அவர் கண்ணைத் தண்ணீரில் வைக்காமல் கோட்டை உச்சியிலேயே வைத்தார். அதனால் காலை எங்கே வைக்கிறோம் என்று தெரியவில்லை. வாய்க்குள் ஜெபம். நடுவில் ஒரு குட்டி மீன் கெண்டைக்காலை முத்தமிட்டது, 'ஐயோ மாதாவே' என்று அவர் போட்ட சத்தத்தில் நாரைகள் பறந்தன. செலெஸ்தெ கரையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனாலும் வந்து சேர்ந்தார். தீவு மணலில் கால் வைத்ததும் அப்படியே உட்கார்ந்து, பாறையைக் கையால் தட்டினார், நல்ல மாவைத் தட்டிப் பார்ப்பதுபோல.

"வந்துட்டேன்" என்றார்.

"வந்துட்டீங்க" என்றாள் இதலினா.

கோட்டைக்குள் அவர் நடந்ததை அவள் பின்னாலிருந்து பார்த்தாள். எத்தனையோ பேரைக் கூட்டிப்போயிருக்கிறாள். படம் எடுப்பார்கள், பெயரைச் சுவரில் கிறுக்குவார்கள், புதையல் எங்கே என்று கேட்பார்கள். இவர் ஒன்றும் கேட்கவில்லை. நடுக் கோபுரத்தின் மேல் ஏறினார். பையிலிருந்து வெள்ளை அங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஆறு இரண்டாகப் பிரிந்து கீழே போகிறது, அக்கரையில் தக்கைமரக் காடு, காற்றில் அங்கி படபடக்கிறது. அறுபதை எட்டிய அந்த ரொட்டிக்காரர் கையிரண்டையும் விரித்து, "ஏஏஏய்!" என்று கத்தினார். வேறொன்றுமில்லை, சும்மா ஒரு கத்தல். கீழே அந்தக் குடும்பத்துக் குழந்தைகள் பதிலுக்குக் கத்தின. இதலினாவும் கத்தினாள்.

"இளவரசி கதை சொல்லுங்களேன்" என்றார் அவர், மூச்சு வாங்க.

"இன்னைக்கு என்ன ஆச்சுன்னா, இளவரசி கோபுரத்து மேல நின்னு பாக்கறா, ஒருத்தன் கால்சட்டையைச் சுருட்டிக்கிட்டு ஆத்துல வர்றான்..."

அந்தக் கதை முடிவதற்குள் கரையிலிருந்து கூப்பாடு வந்தது.

"அக்கா! தண்ணி ஏறுது! கல்லெல்லாம் முழுகிப்போச்சு!"

ஆற்றின் மேற்பக்கத்தில் இருக்கும் அணையில் தண்ணீர் திறந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை திறக்கமாட்டார்கள் என்பது இதலினாவின் கணக்கு, அது பொய்த்துவிட்டது. அபீலியோ எட்டிப் பார்த்தார். தான் நடந்து வந்த வழி முழுக்கப் பச்சைத் தண்ணீர் சுழித்து ஓடியது. முகம் வெளிறிப்போயிற்று.

"எப்ப வடியும்?"

"நாளைக்குக் காலையில."

"அப்ப நான் இங்கேயே இருக்கேன்."

"இந்தக் கோட்டையை வளைச்சவன் எல்லாம் உங்களை மாதிரி ஆளைத்தான் தேடியிருப்பான். தானா உள்ள வந்து, தானா மாட்டிக்கிட்டு."

அவர் சிரிக்கவில்லை. இதலினா அந்தக் குடும்பத்தைக் கரைக்குக் கொண்டுபோய் விட்டாள். திரும்பும்போது தங்கையிடமிருந்து ஒரு தட்டு வறுத்த மீனும் ஒரு பாட்டில் ஒயினும் வாங்கிவந்தாள். கோட்டை வாசல் நிழலில் உட்கார்ந்து, அவர் பையிலிருந்த ரொட்டியைப் பிய்த்து இருவரும் சாப்பிட்டார்கள்.

"சின்ன வயசுல ஆத்துல விழுந்தீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"யாராவது முழுகிச் செத்தாங்களா?"

"அதுவும் இல்ல. காரணமே கிடையாது. எனக்கே வெக்கமா இருக்கும். ஏதாவது ஒரு காரணம் இருந்தாலாவது சொல்லிக்கலாம். மாவுல பொறந்தேன், மாவுலயே வளந்தேன். மாவு தண்ணியில விழுந்தா என்ன ஆகும்?"

இதலினா யோசித்தாள். "ரொட்டி ஆகும். தண்ணி இல்லாம எந்த மாவு ரொட்டி ஆயிருக்கு?"

அபீலியோ மெல்லுவதை நிறுத்தினார். பிறகு அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்து முடிந்தபின், "முயற்சி பண்ணிப் பாக்கறேன்" என்றார். "ஆனா சும்மா உக்காந்துட்டு வரமுடியாது. கை காலெல்லாம் நடுங்கும்."

"யாரு சும்மா உக்காரச் சொன்னா? துடுப்புப் போடுங்க. துடுப்புப் போடறவன் போற பக்கம் முதுகைக் காட்டித்தான் உக்காருவான். உங்க கண்ணுக்கு முன்னாடி கோட்டைதான் இருக்கும். அதையே பாத்துட்டு இழுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், ஆளுக்கு ஒரு துடுப்பு. அவர் கண்ணைக் கோட்டையில் நட்டு, பல்லைக் கடித்து, இழுத்தார். மாவு பிசைந்த கை அல்லவா. ஒரு இழுப்புக்குப் படகு பம்பரம் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றியது. இதலினா, "மெல்ல!" என்றாள். இரண்டாவது இழுப்பு, இன்னொரு சுற்று. கோட்டை கண்ணெதிரிலிருந்து ஓடிப்போய் மறுபக்கம் வந்தது. "கோட்டை எங்க? கோட்டை எங்க?" என்று அவர் தலையைத் திருப்பித் திருப்பித் தேடினார்.

கரையில் ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. செலெஸ்தெ கரண்டியோடு தண்ணீர் ஓரத்துக்கு வந்து நின்றாள். "என்னக்கா, ராட்டினமா ஓட்டறே? அடுத்த சுத்துக்கு நானும் ஏறிக்கட்டுமா?"

"வாயை மூடுடி! கழுதை பலம் இவருக்கு!"

"கழுதைன்னு சொல்லிட்டாங்க" என்றார் அபீலியோ, யாரிடமோ. அதற்கே அவருக்குச் சிரிப்பு வந்தது. இதலினாவுக்கும் வந்தது. சிரிக்கச் சிரிக்க இருவருக்கும் இழுப்புத் தளர்ந்தது, தளர்ந்ததும் சமமாயிற்று, சமமானதும் படகு நேராகிக் கரையைப் பார்த்துப் போயிற்று. மணலில் மூக்கு இடித்தபோது கரையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அபீலியோ எழுந்தார். இறங்குவார் என்று எல்லோரும் பார்த்தார்கள்.

"இன்னொரு தடவை போய்ட்டு வரலாமா?" என்றார்.

அன்று அவர் கடைசி ரயிலைத்தான் பிடித்தார்.

அப்புறம் ஞாயிறு தவறாமல் வந்தார். ஊர் பேசியது. அக்கா தங்கை இருவரும் ஆற்றின் குறுக்கே கத்திப் பேசிக்கொள்கிற குடும்பம். ஊருக்குச் செய்தி சொல்ல ஆள் வேண்டுமா?

செப்டம்பர் முடிந்து கூட்டம் குறைந்ததும் அபீலியோ சொன்னார்: "நான் உங்க கோட்டையைப் பாத்துட்டேன். நீங்க என்னோடதையெல்லாம் பாக்க வேண்டாமா?"

முதலில் பொம்பால். அவர் மகள் ரொட்டிக் கடை வாசலில் மாவுக் கையோடு நின்று இதலினாவை மேலும் கீழும் பார்த்தாள். "ஆத்துல படகு ஓட்டறவங்களாமே" என்றாள். "எங்கப்பா குளிக்கவே தொட்டியில முழங்கால் அளவுதான் தண்ணி விடுவார். அவரை என்ன பண்ணினீங்க?"

"ரெண்டு சுத்து சுத்திவிட்டேன், அவ்வளவுதான்" என்றாள் இதலினா. மகளுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

அடுத்த முறை தொமார். சிலுவை வீரர்களின் தலைமையிடம். மலைமேல் மதில், மதிலுக்குள் மடம், மடத்துக்குள் அந்த வட்டக் கோயில். நடுவில் எட்டுத் தூண்கள் வட்டமாய் எழும்பி நிற்க, சுவரெல்லாம் புனிதர்களும் தங்கப் பூச்சும். வீரர்கள் குதிரையை விட்டு இறங்காமலே வட்டமாக நின்று பூசை கண்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அதை அபீலியோ சொல்லக் கேட்டு இதலினா அண்ணாந்து பார்த்தபடி ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"பொய்யா இருக்கும்" என்றாள் கடைசியில். "யார் கூட்டிப் பெருக்கறது?"

பிறகு, "ஆனா நல்ல பொய். நான் எடுத்துக்கறேன்" என்றாள்.

வெளியே வந்து கடைவீதியில் முட்டை மஞ்சள்கருவை ஆவியில் வேகவைத்துச் சர்க்கரைப் பாகில் போட்ட இனிப்பை வாங்கித் தின்றார்கள். பாகு அவள் முழங்கைவரை வழிந்தது. இவ்வளவு அருகில் இவ்வளவு இருந்தும் பார்க்காமல் போய்விட்டோமே என்று அவளுக்கு வருத்தம் வரும் என்று அபீலியோ பயந்திருந்தார். அவளோ, "நல்லவேளை மிச்சம் வச்சிருந்தேன்! எல்லாத்தையும் இருபது வயசுலயே பாத்திருந்தா இப்ப என்ன பண்ணுவேன்?" என்று விரலை நக்கினாள்.

தொமார் ஊருக்குள் ஓடுகிற ஆற்றைத் தாண்டிப் போனால் ஒலிவத் தோப்பு மாதா கோயில். வீரர்களின் தலைவர்களை அடக்கம் செய்த இடம். வாசலிலிருந்து படி கீழே இறங்கும்; உள்ளே குளுமையாக, ஆளில்லாமல் இருந்தது. சுவரில் பதித்த ஒரு கல்லுக்கு முன்னால் அபீலியோ நின்றார். "இவர்தான் குவால்திம். உங்க கோட்டையைக் கட்டினவர்."

இதலினாவுக்கு எழுத்து புரியவில்லை, பழைய லத்தீன். கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எல்லோரிடமும் பேசுவதுபோல அதனிடமும் பேசினாள்.

"சென்யோர் குவால்திம், நான் அல்மொரோல் ஓடக்காரி. நீங்க அதைக் கரையிலயே கட்டியிருக்கலாம். எல்லாரும் நடந்து போயிருப்பாங்க. ஆத்துக்கு நடுவுல கொண்டுபோய்க் கட்டினீங்க பாருங்க, அதனால எங்க வீட்ல அடுப்பு எரிஞ்சுது. என் அம்மா, என் அப்பா, நான், எல்லாரும் உங்களுக்கு நன்றி சொல்லணும். சொல்லிட்டேன்."

அபீலியோ பக்கத்தில் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். அவர் காது சிவந்திருந்தது. "தோனா இதலினா, இவர் முன்னாடியே கேட்டுடறேன். என்னைக் கட்டிக்க சம்மதமா?"

இதலினா அவரைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள். "கல்யாணமே வேண்டாம்னு சத்தியம் பண்ணின சாமியார் சமாதி முன்னாடியா கல்யாணப் பேச்சு?"

"அவர் சத்தியம் அவருக்கு."

"அப்ப சரி" என்றாள். கோயில் அதிரச் சிரித்தாள். தொமாரிலிருந்து வீட்டுக்குப் போகிற வழி முழுக்க, மாதாவே, மாதாவே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சிரித்தாள். செலெஸ்தெ செய்தியைக் கேட்டதும் கரண்டியைப் போட்டுவிட்டு அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே திட்டினாள். "இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் தோணிச்சாடி உனக்கு? நான் என்ன உடுத்தறது?"

ஜனவரிக் குளிரில் தான்குஷ் கோயிலில் கல்யாணம் நடந்தது. வால்டெமாரின் சங்கத்தார் அங்கியோடு இரண்டு வரிசையாக நின்று மர வாள்களை உயர்த்தி வளைவு பிடித்தார்கள். ஒருவர் வாள் இன்னொருவர் கண்ணாடியைத் தட்டிவிட்டது. ரொட்டிக் கடையை மகளிடம் விட்டுவிட்டு அபீலியோ இதலினாவின் வீட்டுக்கே குடிவந்தார். அதிகாலையில் அடுப்பு மூட்டுவார். செலெஸ்தெ கடைக்கு இனி சோளரொட்டி அவர் கையால்.

அந்த ஈஸ்டர் திங்கட்கிழமை, வழக்கம்போல ஆற்றோரத்து ஊர்ப் படகுகள் எல்லாம் காகிதப் பூவும் கொடியும் கட்டி, மேலே ஆறுகள் கூடுகிற கொன்ஸ்தான்சியாவுக்கு நல்ல பயண மாதாவின் ஆசீர்வாதத்துக்குக் கிளம்பின. இதலினா வருஷா வருஷம் தனியாகப் போவாள். இந்தத் தடவை வெள்ளை அங்கியோடு அபீலியோ பக்கத்தில். கால் மட்டும் இன்னும் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆனால் துடுப்பு ஒழுங்காக வந்தது.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. காகிதப் பூவெல்லாம் கூழாகித் தொங்கின. அபீலியோவின் நெஞ்சுச் சிலுவை சாயம் விட்டு, அங்கி முழுக்க ரோஜா நிறமாகி, வழிந்து இதலினாவின் பாவாடையையும் நனைத்தது. கொன்ஸ்தான்சியா போய்ச் சேர்ந்தபோது கரையில் வாத்தியம் வாசித்தவர்கள் குடையைத் தேடி ஓடினார்கள். பாதிரியார் தீர்த்தம் தெளிக்கப் படகு அருகில் வந்தபோது ஒருகணம் கையை உயர்த்தியபடியே நின்றார். மேலிருந்து கொட்டுகிற மழையில் இன்னும் எதைத் தெளிப்பது?

"தெளிங்க ஃபாதர்" என்றார் அபீலியோ, முகவாயில் தண்ணீர் சொட்ட, வாய் நிறையச் சிரிப்போடு. "இன்னும் எவ்வளவு வேணாலும் தெளிங்க. எனக்கு ஒண்ணும் ஆகலை."